சூப்பர்ணே!

படம் போட்டு முடிச்சவன்கிட்ட மட்டும் உண்மையைப் பேசவே கூடாது மக்களே. அடி கொடுத்தவன் என்ற தகுதியில சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஓவிய வகுப்புக்குப் போயிட்டிருக்கேன். 40 வயசுக்கு மேல வந்த ஆசை. கூடப் படிக்கிறதுல பாதிப் பேர் கல்லூரிப் பசங்க. ரெண்டு மாசம் முன்னாடி சார் ஒரு வேலை கொடுத்தார். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கதைக்கு ஒரே ஒரு படம். முடிச்ச படத்தைக் கயித்துல கிளிப் போட்டு மாட்டணும். மத்தவங்க கருத்து சொல்லணும்.

நான் எடுத்தது நம்ம பாட்டி வடை சுட்ட கதை. மூணு வாரம் வாட்டர் கலர்ல உழைச்சேன். பாட்டியோட மஞ்சள் சேலைக்கு மட்டும் ரெண்டு ராத்திரி. மாட்டினதும் 'சூப்பர்', 'செம', 'கலக்கிட்டீங்க'ன்னு வரிசையா வந்துச்சு. எனக்குத் தலைகால் புரியலை. அப்பத்தான் ஒரு தம்பி கேட்டான்.

"அண்ணே, வடை எங்க?"

சுள்ளுனு ஏறிச்சு. "காக்கா வாயிலதான் இருக்கு, கண்ணாடி போட்டுட்டு வா"ன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கலை.

வீட்டுக்கு வந்து கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் படத்தைப் பார்த்தேன். (நுணுக்கமெல்லாம் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். பழைய வித்தை.) வடையைக் காணோம்! பழுப்பு வடைக்குப் பின்னாடி அதே அழுத்தத்துல பழுப்பு மரம். செல்போன்ல படம் எடுத்து கருப்பு வெள்ளையா மாத்தினாலும் அதே கதி. வண்ணத்துல பார்த்தா கண்ணு நேரா மஞ்சள் சேலைக்கு ஓடுது. கதையே வடையைச் சுத்தித்தானே சாமி? அத்தனை பேர் சூப்பர்னாங்க, ஒருத்தன்தான் படத்தைப் பார்த்திருக்கான்.

இந்த வியாதி பெரிய ஆளுங்களுக்கும் உண்டு. 1885-ல வான்கோ தன்னோட 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' காட்சியை லித்தோ அச்சாப் போட்டு, ஓவிய நண்பர் வான் ராப்பார்டுக்கு அனுப்பினார். ஆளுக்கு முழங்காலைக் காணோம், கை குட்டை, மூக்கு பாதிதான் இருக்குன்னு பதில் வந்தது. அதோட நிக்காம, இதையெல்லாம் உருப்படியான வேலைன்னு சொல்லிக்க முடியுமாங்கற மாதிரி ஒரு குத்து வேற. வான்கோ அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பிட்டார். சில மாசத்துல கடிதப் போக்குவரத்தே நின்னுபோச்சு. கை குட்டைன்னு சொன்னதுல தப்பே இல்லை. கூட வந்த குத்துதான் நட்பைக் கொன்னது.

நம்ம தம்பி அப்படிக் குத்தக்கூட இல்லையே. கேள்விதானே கேட்டான்?

என் கட்சி இதுதான். விமர்சனம்னா மார்க் போடறது இல்லை. 'என் கண்ணு முதல்ல இங்க போச்சு, இது எனக்குத் தெரியலை'ன்னு சொன்னா போதும். அப்ப வரைஞ்சவன் வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும். கதைப்படம் புத்தகத்துக்குள்ள போனப்புறம் ஒவ்வொரு குழந்தை பக்கத்துலயும் நின்னு 'அதோ வடை'ன்னு விரல் நீட்டவா முடியும்?

இன்னொண்ணு. முடிஞ்ச படத்தை மட்டுமே காட்டறதுலதான் பாதி வம்பு. வாட்டர் கலர்ல இருட்டாக்கின இடத்தைத் திரும்ப வெளுப்பாக்கறது லேசுல நடக்காது. பென்சில்ல இருக்கும்போதே காட்டியிருந்தா ரப்பரோட போயிருக்கும். உழைப்பு ஏற ஏற காது அடைச்சுக்குது, அதான் நிஜம்.

போன வாரம் அடுத்த படத்தை மாட்டினேன். அந்தத் தம்பி ஒரு நிமிஷம் நின்னு பார்த்தான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் "சூப்பர்ணே"ன்னுட்டு நகர்ந்துட்டான்.

மூணு வாரம் ஆனாலும் அந்த 'சூப்பர்' மறக்காது போல. வர்ற ஞாயிறு பென்சில் படத்தோட முதல்ல அவன்கிட்டதான் போகப்போறேன். "அன்னிக்கு வடை இல்லைதான் தம்பி"ன்னு ஒத்துக்கிட்டு, அப்புறம் படத்தை நீட்டணும். திட்டினா வாங்கிக்கிறேன் :-)