படிப்பகத்தில் ஒரு மணி நேரம்

"தாய், சேய் என்று எழுத இந்தப் பக்கம்தானா கிடைத்தது? அது அடுப்பங்கரைச் சமாச்சாரமல்லவா?" என்று கேட்கக்கூடிய தோழர்கள் நம்மிடையே உண்டு. கேட்கட்டும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காதும் கொடுக்கட்டும்.

திருப்பூரில் ஒரு தோழர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பனியன் கம்பெனியில் தையல் வேலை; லைன் வீட்டில் ஒற்றை அறை. தலைச்சன் பிள்ளை பிறந்து நாற்பது நாள். அவர் துணைவிக்குத் தாயார் இல்லை. மாமியாரோ ஊரிலே, கூலி வேலையை விட்டுவிட்டு வர இயலாதவர். குழந்தை வீறிட்டு அழுகிறது. பால் போதவில்லையோ என்று அந்தப் பெண் கலங்குகிறார். "ஆசுபத்திரியில் எல்லாம் சொல்லித்தானே அனுப்பினார்கள்" என்று கூறிவிட்டு, தோழர் நம்மோடு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். நாமும் கிளம்பினோம். மேடையேறிப் பெண்ணுரிமை பற்றி ஒரு மணி நேரம் முழங்கினோம்! அந்த வெட்கம்தான் இதை எழுத வைக்கிறது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையா? செய்கிறது. மகப்பேறு நலச் சட்டம் 1961-ல் வந்தது. 2017-ல் விடுப்பு 26 வாரமாயிற்று. ஏழைத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமியார் பெயரால் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் உதவி உண்டு. வேண்டியவைதான், போராடிப் பெறத்தக்கவைதான். ஆனால் நடுநிசியில் பிள்ளை அழும்போது சட்டம் வந்து கதவைத் தட்டுமா? பக்கத்து வீட்டுக்காரி தட்டுவாள், அவளுக்கும் இவளுக்கும் பழக்கமிருந்தால்!

அந்தப் பழக்கத்தின் வலிமையை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் மூன்று மாவட்டங்கள். ஆதிவாசிகள் மிகுந்த சிற்றூர்கள். 2005 முதல் 2008 வரை 'ஏக்ஜுட்' என்னும் அமைப்பு அங்கே பெண்களை மாதம் ஒருமுறை கூட வைத்தது. கூட்டத்தை நடத்தியவர் டாக்டருமல்ல, நர்சுமல்ல. அதே வட்டாரத்துப் பெண். படம் போட்ட அட்டை, கதை, விளையாட்டு! எழுத்தறியாதவரும் வாய் திறந்தார். பச்சிளங்குழந்தைகள் ஏன் மடிகின்றன என்று பேசினர். தடுக்க வழியும் தாங்களே வகுத்தனர்.

விளைவு? 'லான்செட்' மருத்துவ ஏடு 2010-ல் வெளியிட்டது. பிறந்து ஒரு மாதத்துக்குள் நேரும் சாவு, கூட்டம் நடவாத ஊர்களைவிட இங்கே 32 சதவீதம் குறைவு. தாய்மாரின் மனச்சோர்வில் மட்டும், மூன்றாண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய மாற்றமில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டில் நடுத்தரச் சோர்வு 57 சதவீதம் குறைந்திருந்தது. பழகப் பழகத்தானே நெஞ்சு திறக்கும்!

நம் தெருவில் இதற்கு ஆள் இல்லையா? இரண்டு பிள்ளை பெற்ற நல்ல பெண் எந்தத் தெருவில் இல்லை? அவர் அதிகாரம் செய்யும் இரண்டாவது மாமியாராகிவிடக் கூடாது, அவ்வளவுதான். "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று தொடங்கினால் போதும். சீம்பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைக்கும் வழக்கத்தை நாம் மேடையில் நூறு முறை சாடுவதைவிட, "என் பிள்ளைக்குச் சீம்பால்தான் கொடுத்தேன், பார்" என்று அவர் ஒருமுறை சொல்வது வேலை செய்யும். காய்ச்சல், வலிப்பு, பால் குடிக்க மறுப்பு என்றால் கைவைத்தியம் பேசாமல் 108-ஐ அழைக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் அழுதுகொண்டிருக்கும் தாயையும் டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அது பேயுமல்ல, பிடிவாதமுமல்ல.

தோழர்களே, உங்களிடம் நாம் கேட்பது பெரிய தியாகமல்ல. ஞாயிறு பிற்பகல் ஒரு மணி நேரம் படிப்பகத்தைப் பெண்களிடம் விட்டுவிடுங்கள். கேரம் பலகை ஓய்வெடுக்கட்டும்! மூத்த பிள்ளைகளை நீங்கள் வெளியே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று துருவாதீர்கள். பாய் போதாதென்றால், மாநாட்டுக்கு வாங்கிய ஜமக்காளம் பரணில் சுருட்டிக் கிடக்கிறதே, அதை எடுத்து விரியுங்கள்.