ஊறுகாய் பெட்டியில போகட்டும், மாத்திரை கையில இருக்கட்டும்

1/ அப்பா அம்மாவை அமெரிக்காவுக்கு அனுப்புறவங்களுக்குச் சொல்றேன். 23 கிலோ பெட்டியை நாலு தடவை எடை போடுறீங்க. அவங்க மாத்திரை எந்தப் பையில இருக்குன்னு பார்த்தீங்களா?

2/ "கைப்பைக்கு 7 கிலோதான் டாக்டர், அதான் மருந்தைப் பெரிய பெட்டியில போட்டோம்." எடை கூடினா சேலையை எடுங்க. மாத்திரையை எடுக்காதீங்க.

3/ துபாய்லயோ தோஹாலயோ விமானம் மாறும்போது பெட்டி பின்தங்கினா ஒரு நாள், ரெண்டு நாள்கூட ஆகலாம். இன்சுலின், வலிப்பு மாத்திரை, ஸ்டென்ட் வெச்சவங்களோட ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை எதுவும் அதுவரை காத்திருக்காது. நம்ம ஊர் மருந்துச் சீட்டை அங்க நீட்டினா கடைக்காரர் மருந்து தரமாட்டார்.

4/ இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சுட்டா, உருகினாலும் வீண்தான். 100 மில்லி விதியில மருந்துக்கு விலக்கு உண்டு. டாக்டர் சீட்டோட பேனா, ஊசி எல்லாம் கையிலயே கொண்டுபோகலாம்.

5/ அடுத்தது, காசு மிச்சம்னு ரெண்டு தனி டிக்கெட் போடுறது. முதல் விமானம் தாமதமானா ரெண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. பெரும்பாலும் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும். சில நாடுகள்ல அதுக்கே விசா வேணும். முழங்கால் வலியோட 70 வயசுல இதைச் செய்யச் சொல்றது சிக்கனமா? ஒரே டிக்கெட், நடுவுல போதுமான நேரம், முன்கூட்டியே வீல்சேர். இதுக்குச் செலவு பண்ணுங்க.

6/ பெட்டி தாமதமானா 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி இழப்பீடு கேட்கலாம். தவறிப்போன வேளை மாத்திரைக்கு யார்கிட்ட கேப்பீங்க?