துணைக்கு யார்?

“கொமரிப் பிள்ளையைத் தனியா ரயில் ஏத்தி விட்டுட்டு, ஊருக்கு என்னலே பதில் சொல்லப் போற?”

எங்களில் ஒருத்தியின் ஆச்சி தம் மகனைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அந்த நேரத்தில் நாங்கள் நால்வரும் அவ்வீட்டு முன்னறையில் அமர்ந்து கணக்குப் போட்டுக் கொண்டிருந்தோம். அதன் பிறகு கணக்கு ஓடவில்லை. ஒரு வாரமாய் அந்தக் கேள்வியையே பேசினோம். இடைவேளையில் பேசினோம், நூலகத்தில் பேசி ஏச்சும் வாங்கினோம். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று தமிழம்மா கேட்டபோது, வேறு தலைப்பைத் தேட எங்களுக்கு மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். தோழியின் அக்கா பி.காம். முதல் வகுப்பில் தேறினார்கள். சென்னையில் கிண்டிப் பக்கம் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குள் நேரில் வந்து சேர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. வேலை கிடைத்த மகிழ்ச்சி அவ்வீட்டில் அரைமணி நேரம் நீடித்தது. பிறகு, “கூட யார் போவது?” என்ற பேச்சு தொடங்கிவிட்டது.

தந்தையார் ஒரு கடையில் விற்பனையாளர். திருவிழாக் காலம்; விடுப்பு இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. தாய்மாமா வருவதாகச் சொன்னார். ஆனால் அவருக்கு எடுத்த டிக்கெட் காத்திருப்போர் பட்டியலை விட்டு நகரவே இல்லை. அக்காவின் டிக்கெட்டோ உறுதியாகிவிட்டது. காரணம் வேடிக்கையானது. தொலைதூர விரைவு வண்டிகளின் படுக்கை வசதிப் பெட்டியில், தனியாகவோ பெண்கள் குழுவாகவோ செல்லும் பெண்களுக்கென ஆறு பெர்த்துகள் ஒதுக்கப்பட்டுள்ளன. வயது வரம்பு இல்லை. அக்கா அந்த ஒதுக்கீட்டில் தாமே பதிவு செய்திருந்தார்கள். ஆக, துணை தேவைப்பட்டவருக்கு இடம் கிடைத்தது. துணைக்கு வருகிறவருக்குக் கிடைக்கவில்லை!

“அப்படியானால் போக வேண்டாம்” என்பதே வீட்டின் முதல் முடிவு. இது புதிதன்று. அக்காவுடன் படித்த ஒருவருக்குச் சென்ற ஆண்டு இதே போல் ஒரு வேலை வந்தது. கூட்டிச் செல்ல ஆள் இல்லாமல் நாள் தள்ளி, இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. இன்று அவர் வீட்டில்தான் இருக்கிறார். மூன்றாண்டுப் படிப்பு ஓர் இரவு இரயில் பயணத்தின் முன் தோற்றுப் போனது எங்களுக்கு ஆறவில்லை.

துணை, துணை என்கிறார்களே, அது என்ன? எங்களில் இன்னொருத்தியின் அத்தை, மணமாகாத காலத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு வெளியூர் போனபோது, துணையாக அனுப்பப்பட்டவர் அவருடைய தம்பி. அவருக்கு வயது ஒன்பது. வழியெல்லாம் அத்தைதான் அவரைக் கைப்பிடித்து இறக்கினார். முறுக்கு வாங்கிக் கொடுத்தார். ஜன்னலில் தலை நீட்டாதே என்று அதட்டினார். வாந்தி எடுத்தபோது தம் சேலைத் தலைப்பால் துடைத்தார். ஆனாலும் ஊரில் கேட்டவர்களுக்கு, “தம்பி கூடப் போயிருக்கான்” என்று பதில் இருந்தது. அந்தச் சிறுவனால் எந்த ஆபத்தைத் தடுத்திருக்க முடியும்? ஆச்சி கேட்டதையும் சற்று நினைத்துப் பாருங்கள். “பிள்ளைக்கு என்ன ஆகும்?” என்று அவர் கேட்கவில்லை, “ஊருக்கு என்ன பதில்?” என்றுதான் கேட்டார். ஆச்சி எங்கள் மேல் வைத்திருக்கும் அன்பில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அன்று நாங்கள் எழும்பும்போது ஆளுக்கு இரண்டு அதிரசம் தந்ததும் அவரே.

கடைசியில் அக்காவே பேசினார்கள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. “அப்பா, இந்த வாரம் மாமா வருவாங்க. அடுத்த மாசம் லீவுல நான் வந்துட்டுத் திரும்பிப் போகையில யாரு வருவா? அதுக்கு அடுத்த மாசம்?” என்று கேட்டார்கள். தந்தையார் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பெட்டியைக் கட்டு” என்றார்.

சனிக்கிழமை இரவு திருநெல்வேலிச் சந்திப்புக்கு நாங்களும் வழியனுப்பச் சென்றோம். வண்டி நெல்லை எக்ஸ்பிரஸ். கோவில்பட்டி, விருதுநகர், மதுரை, திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம் என ஏறத்தாழ 650 கிலோமீட்டர். இரவு ஏறினால் விடியலில் தாம்பரம். ஒரு பெட்டி, ஒரு தோள்பை, புளிச்சோற்றுப் பொட்டலம், தண்ணீர்ப் புட்டி. தந்தையார் அடுத்த இருக்கைக்காரர்களை ஒவ்வொருவராய் உற்றுப் பார்த்தார். அதே அடுக்கில் கைக்குழந்தையுடன் ஒரு தாய், கருப்பட்டிப் பெட்டியை மடியை விட்டு இறக்காத ஒரு பாட்டி, சென்னையில் பணிபுரியும் ஒரு நர்சம்மா. நர்சம்மா தாமாகவே, “ஆறு வருசமா இதே வண்டியில தனியாத்தான் போயிட்டு வாரேன், அண்ணாச்சி. கவலைப்படாதீங்க” என்றார். அண்ணாச்சி கவலைப்பட்டார்.

எவ்வளவு கவலைப்பட்டார் என்பதைத் தோழி மறுநாள் சொல்லித்தான் அறிந்தோம். கோவில்பட்டியில் ஒருமுறை கைப்பேசியில் அழைத்தார். விருதுநகரில் ஒருமுறை. மதுரையில் இருமுறை: வண்டி நின்றபோது ஒன்று, கிளம்பியபோது ஒன்று. திண்டுக்கல்லில் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான், வீடே எழுந்துவிட்டது. ஆச்சி ஜெபமாலையை எடுத்தார். அம்மா வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தார். தந்தையார் நள்ளிரவு கடந்து, பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியரைத் தட்டி எழுப்பினார். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “வண்டி இந்நேரம் திருச்சி தாண்டியிருக்கும். பிள்ளை தூங்குது. நீரும் போய்த் தூங்கும்வே” என்று கதவைச் சாத்திவிட்டார். அக்கா உண்மையிலேயே தூங்கிக் கொண்டிருந்தார்கள். திண்டுக்கல்லுக்குப் பிறகுதான் தூங்க முடிந்ததாம்!

இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் அந்தத் தந்தை அஞ்சியதற்குக் காரணமே இல்லை என்று எழுத எங்களால் முடியாது. 2016 ஜூன் மாதத்தில், சென்னை நுங்கம்பாக்கம் நிலையத்தில் வேலைக்குச் செல்லக் காத்திருந்த ஓர் இளம்பெண் காலை நேரத்தில், பலர் பார்த்திருக்க, வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 பிப்ரவரியில் கோயம்புத்தூரிலிருந்து திருப்பதி செல்லும் இரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறிய ஒருவன், அங்கே தனியாக இருந்த கர்ப்பிணியை ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிட்டான். அவர் பலத்த காயமுற்றார். வயிற்றிலிருந்த குழந்தை இறந்தது. (தமிழம்மா இந்த இடத்தில் சிவப்பு மையால் “தேவையா?” என்று எழுதினார்கள். மறைத்தால் கட்டுரை பொய்யாகும் என்று வேண்டி, அப்படியே வைத்துக் கொண்டோம்.)

இவ்விரண்டையும் வீடுகளில் சொல்லும்போது, “பார்த்தாயா, இதற்குத்தான் தனியே போகாதே என்கிறோம்” என்று முடிக்கிறார்கள். நாங்கள் வேறுவிதமாய்ப் பார்க்கிறோம். முதல் நிகழ்ச்சியில் அந்தப் பெண்ணை நிலையத்தில் கொண்டுவந்து விட்டுச் சென்றவர் அவருடைய தந்தையே. துணை வாசல் வரை வந்தது. குற்றம் செய்தவன் அதன் பின் வந்தான். இரண்டாவதில், உடனிருந்த பெண்கள் வழியில் இறங்கிவிடப் பெட்டி காலியாயிற்று. அந்தக் கொடியவனுக்கு வாய்ப்பானது அந்த வெறுமைதான். பெண்கள் பெட்டியில் பத்துப் பெண்கள் இருந்திருந்தால் அவன் ஏறியிருப்பானா? அச்சத்தால் நாம் ஒவ்வொருவராய் வீட்டில் தங்கிவிட்டால், வேறு வழியின்றிப் பயணம் செய்யும் ஒருத்தி இன்னும் தனியாகிறாள். காலிப் பெட்டியில் காவலரை நிறுத்த வேண்டியது அரசின் கடமை; அதை உரக்கக் கேட்போம். பெட்டி காலியாகாமல் இருப்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்றே எங்களுக்குப் படுகிறது.

இவ்வளவு விவாதத்திலும் எங்களை வியக்க வைத்தது ஒன்று உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவ்வீட்டில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை, நாங்களும் அறியோம். தேடிப் படித்தோம். 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 162ஆம் பிரிவின்படி, பெண்களுக்கென ஒதுக்கிய பெட்டியிலோ இருக்கையிலோ தெரிந்தே ஏறும் ஆணை வெளியேற்றலாம். 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. (500 ரூபாய் போதுமா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். போதாது என்பதே நால்வர் முடிவு.) ஆண் துணையின்றிச் செல்லும் பெண்ணிடம் டிக்கெட் இல்லையென்றாலும் கண்ட இடத்தில், இருட்டில் இறக்கிவிடக் கூடாது; அவள் ஏறிய நிலையம், சந்திப்பு, வண்டி முடியும் நிலையம், மாவட்டத் தலைநகர் இவற்றில் ஒன்றில், பகலில் மட்டுமே இறக்கலாம். இது 139ஆம் பிரிவு. உதவிக்கு அழைக்கும் எண்ணும் 139. இரண்டும் ஒன்றாய் அமைந்தது தற்செயல்தான். ஆனால் மனப்பாடம் செய்ய எளிது. 2020 முதல் இரயில்வே பாதுகாப்புப் படையின் பெண் காவலர்கள், புறப்படும் நிலையத்தில் தனியே பயணம் செய்யும் பெண்களைச் சந்தித்துப் பெட்டி எண், இருக்கை எண் குறித்துக் கொள்ளும் “மேரி சஹேலி” என்ற திட்டமும் நடக்கிறது. எல்லா வண்டியிலும் எல்லாரையும் சந்திக்க இயலுமா என்பது வேறு கேள்வி.

தேடும்போது இன்னொரு செய்தியும் கிடைத்தது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுரேகா யாதவ், ஆசியாவின் முதல் பெண் இரயில் ஓட்டுநர் எனப் பெயர் பெற்றவர். 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் வண்டியை ஓட்டினார். 2025 செப்டம்பரில் பணி ஓய்வு பெற்றார். இதை ஆச்சியிடம் படித்துக் காட்டினோம். “அவ புருசன் கூட இருந்தானா?” என்று கேட்டார்.

பெரியவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. வகுப்பில் ஒருநாள், “யாரெல்லாம் நிலையச் சாளரத்தில் தாமே நின்று டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள்?” என்று கேட்டோம். மூன்றே கைகள் உயர்ந்தன. எங்கள் நால்வரில் ஒரு கையும் இல்லை. முன்பதிவுப் பட்டியலில் பெயரைத் தேடத் தெரியாது. டிக்கெட் பரிசோதகரிடம் என்ன கேட்கலாம் என்று தெரியாது. “இது என் பெர்த், எழும்புங்க” என்று அந்நியர் ஒருவரிடம் சொல்ல நா எழாது. நீரின் மின்னாற்பகுப்பை வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்த நாங்கள், தாம்பரத்தில் இறங்கி எந்த நடைமேடைக்குப் போவது என்று ஒருவரைக் கேட்கக் கூசுகிறோம். பதினைந்து வயது வரை ஒருத்தியைக் கடைத்தெருவுக்கும் தனியே அனுப்பாமல், இருபத்தொன்றில் திடீரென 650 கிலோமீட்டர் அனுப்பினால் பெற்றோருக்குத் தூக்கம் வராதுதான். இடையிலுள்ள ஆண்டுகளில் சிறுகச் சிறுகப் பழக்கியிருந்தால், அன்றிரவு அந்த வீடு தூங்கியிருக்கும். எங்கள் கருத்து இவ்வளவே. அதற்குத்தான் இத்தனை பக்கம்.

அக்கா தாம்பரத்தில் இறங்கி, நர்சம்மாவின் கைப்பேசியிலிருந்து வீட்டுக்குப் பேசினார்கள். முதல் இரண்டு நாள் கன்னியர் நடத்தும் விடுதியில் விருந்தினராய். பின்பு அங்கேயே மாத இடம் கிடைத்தது. பணிபுரியும் மகளிருக்காகத் தமிழக அரசு நடத்தும் “தோழி” விடுதிகளில் ஒன்று தாம்பரத்திலும் இருக்கிறது, அதற்கும் விண்ணப்பித்திருக்கிறார்கள். தினமும் மின்சார இரயிலில் பெண்கள் பெட்டியில் கிண்டிக்குப் பயணம். நிற்க இடம் கிடைத்தால் பாக்கியமாம். முதல் சம்பளத்தில் ஆச்சிக்கு ஒரு நூல் சேலை வந்தது. ஆச்சி அதைத் தெருவில் எல்லோரிடமும் காட்டி, “பேத்தி மெட்ராஸ்ல இருந்து தனியா வந்து குடுத்துட்டுப் போனா” என்கிறார். “தனியா” என்பதை எப்படி அழுத்துகிறார் என்று கேட்க வேண்டும்!

அரைப் பரீட்சை விடுமுறையில் நாங்களும் ஒரு பயணம் போகப் போகிறோம். பாளையங்கோட்டை நிலையத்திலிருந்து திருச்செந்தூருக்குப் பாசஞ்சர் வண்டியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கடலைப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு. நால்வர் மட்டும். வீடுகளில் கேட்டோம். மூன்று தந்தையர் சம்மதித்தனர். நான்காமவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, போகலாம், ஆனால் துணைக்குத் தம்பியும் வரவேண்டும் என்றார். தம்பி ஆறாம் வகுப்பு. அவனுக்கு அரை டிக்கெட் போதும். அதையும் சாளரத்தில் நாங்களே வாங்கிக் கொள்கிறோம்.