செருப்பு நழுவுகிறது

சித்திரையில் என் தங்கை மகள் போனில் ஒரே அழுகை. ஆறு வயசுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். அப்போதுதான் வைத்தியம் ஆரம்பித்து ஒரு மாதம்.

"பெரியம்மா, செருப்பு காலில் நிக்கலே, நழுவி விழுதுங்கிறான். காலைத் தேய்ச்சு நடக்காதேடான்னு முதுகில் ரெண்டு வெச்சுட்டேன். இன்னிக்குப் பென்சிலும் பிடிக்க வரலே!"

"அடுத்த ஊசிக்கு முன்னாடி டாக்டரிடம் இதைச் சொல்லு" என்றேன்.

அந்த ஊசியின் பெயர் வின்கிரிஸ்டின். நம் வாசலில் பூக்கிறதே நித்திய கல்யாணி, அதிலிருந்து எடுப்பதுதான். (அந்தச் செடியைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள், விஷம்!) 1960-களிலிருந்து எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்த மருந்து. செல் இரண்டாகப் பிரிய உதவும் நுண்ணிய இழைகளை அது குலைத்துவிடும். நரம்புக்குள்ளும் அதே இழைகள்தான். அதனால் விரல் மதமதப்பு, தாடைவலி, மலச்சிக்கல் பலருக்கும் வரும். பெரும்பாலும் மெள்ள மெள்ளச் சரியாகும்.

ஆனால் நாலே ஊசியில் பாதம் தொங்கிப் போவது அபூர்வம். டாக்டரம்மா கெட்டிக்காரி. பையனின் அப்பாவைச் செருப்பைக் கழற்றச் சொன்னாராம். உள்ளங்கால் வில்லாய் வளைந்து, கெண்டைக்கால் சூம்பி இருந்தது. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் டாக்டர்" என்றிருக்கிறார் மாப்பிள்ளை. மாமியார் தலையைக் குனிந்துகொண்டாராம். பெண் பார்க்க வந்தபோது மூடி மறைத்த சங்கதி!

சார்கோ-மேரி-டூத் என்று ஒரு பரம்பரை நரம்புக் கோளாறு. சின்ன வயசில் வெளியே தெரியாமலே இருக்கும். அது உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆகவே ஆகாது. பரிசோதனையில் அதுதான் என்று உறுதியானது. அந்த ஊசியை மட்டும் நிறுத்தி, மற்ற மருந்துகளைத் தொடர்கிறார்கள்.

இப்படி வைத்தியத்தில் குழந்தை இருக்கும் தாய்மார்கள், வீட்டில் யாருக்காவது கால் சூம்பல், நடைக்கோணல் இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நாலு நாள் வெளிக்குப் போகவில்லை, படியேறத் தடுமாறுகிறான் என்றாலும் சொல்லுங்கள். பூஞ்சைக்காகத் தரும் சில மாத்திரைகள் இந்த ஊசியின் கடுமையைக் கூட்டும், கேட்காமல் கொடுக்காதீர்கள். ஆனால் பயந்துபோய் நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பினால் என்ன செய்வது?

பையன் காலுக்குப் பிளாஸ்டிக் தாங்கி கட்டி, தினமும் பயிற்சி செய்கிறான். பென்சில் பிடிக்கிறான், கால்தான் இன்னும் முழுசாக எழவில்லை. மாப்பிள்ளையின் தங்கையும் காலைக் காட்டப் போகிறாளாம். அழைத்துப் போவது மாமியார்தான்.