சாவியை யாரிடம் கொடுப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. சாயந்திரம் காபி குடிக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்கு வந்த பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். 5-ஆம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கைக்குழந்தை, உடம்புக்கு முடியாத அப்பா, ஆபீஸ் நெருக்கடி என்று முகமே வாடிப்போயிருந்தது.

"ஒரு வேலையை விட்டுடலாம்னு இருக்கேனுங்க டீச்சர். ஆனா மனசு வர மாட்டேங்குது" என்றான்.

"சம்பளம் எவ்வளவுப்பா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"சம்பளமெல்லாம் கிடையாதுங்க டீச்சர்."

பிறகு அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் டெபியன். 1993-இல் இயன் மர்டாக் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் தொடங்கியது. இலவசம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இதற்குப் பின்னால் கம்பெனி கிடையாது. உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். தலைவரைக்கூட வருடா வருடம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

"நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்காதீர்கள். 2011-இல் நம் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினி ஞாபகம் இருக்கிறதா? அதில் விண்டோஸோடு பாஸ் என்று இன்னொன்றும் இருந்ததே, அது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான். பலரும் பயன்படுத்தும் உபுண்டுவும் டெபியன் மேல் கட்டியதுதான்.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஆம் பதிப்பில் கிட்டத்தட்ட 70,000 பேக்கேஜ்கள் இருக்கின்றனவாம். பேக்கேஜ் என்பது மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரி. எங்கிருந்தோ மூட்டையாக வரும் பருப்பைக் கடைக்காரர் புடைத்து, கல் பொறுக்கி, பொட்டலம் கட்டி, மேலே விவரம் எழுதி வைக்கிறார் இல்லையா? அதுபோல யாரோ ஒருவர் எழுதிய மென்பொருளை எடுத்து, அதன் உரிமம் சரியா, அது எந்தெந்த மென்பொருளை நம்பியிருக்கிறது, மற்றவற்றோடு சண்டை போடாமல் ஓடுகிறதா என்று பார்த்துக் கட்டி வைப்பவர் பராமரிப்பாளர். கட்டியதோடு வேலை முடியாது. குறை வந்தால் விசாரிக்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் ராத்திரியானாலும் உட்கார்ந்து அடைக்க வேண்டும். எழுதியவரே கைவிட்டாலும் இவர் கைவிட முடியாது.

என் மாணவன் ஒன்பது வருடமாக இப்படி ஒரு சின்னப் பேக்கேஜைக் கவனித்து வருகிறான். படக் கோப்புகளைத் திறக்க உதவும் நிரல். அதை நம்பி வேறு பல மென்பொருள்கள் நிற்கின்றன. நன்றி சொல்லி வந்த கடிதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றான். திட்டி வந்தவை நிறைய.

"சத்தமில்லாம நிறுத்திட்டா யாருக்கும் தெரியாதுங்க டீச்சர்" என்றான். சுருக்கென்றது. ஏனென்றால் அப்படிச் செய்தவள் நான்.

உங்களில் பலருக்கு நம் பள்ளி நூலகம் ஞாபகம் இருக்கும். பதினான்கு வருடம் அதன் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போடுவேன், பதிவேடு எழுதுவேன். நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். சாவியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அலுவலக மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு வருடம் கழித்து சுதந்திர தினத்துக்குப் போனபோது இரண்டு அலமாரியைக் கரையான் தின்றிருந்தது. அன்றைக்கு எல்லோரையும் குறை சொன்னேன். ஆனால் அந்தப் பதினான்கு வருடத்தில் இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வேலையை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. "என்னைவிட்டால் யார் செய்வார்?" என்ற பெருமைதான் காரணம்.

ஒற்றை ஆள் மேல் பாரம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அவன் ஒரு நிஜக் கதை சொன்னான். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருள். உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பது, பார்த்துக்கொண்டவர் ஒருவர்தான். இது சம்பளமில்லாத வேலை, மனநலமும் சரியில்லை என்று அவரே 2022-இல் எழுதியிருந்தார். அப்போதும் சிலர், "வேகம் போதாது, வேறு ஆளிடம் கொடு" என்று நெருக்கினார்கள். உதவுகிறேன் என்று வந்த ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெற்றார். 2024 தொடக்கத்தில் அந்த மென்பொருளுக்குள் திருட்டு வாசல் ஒன்றை வைத்தார். அந்த ஆள் உண்மையில் யாரென்று இன்றுவரை வெளிவரவில்லை.

ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தன் டெபியன் கணினியில் உள்நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். மார்ச் 29-இல் உலகுக்குச் சொன்னார். டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரைக்கும் வந்திருந்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புக்குள் நுழையுமுன் பிடிபட்டது. அந்த அரை வினாடியை ஒருவர் அலட்சியம் செய்திருந்தால்?

"கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகள் பணம் கொடுக்கட்டும்" என்று என் தம்பி சொல்கிறான். நியாயம்தான், கொடுக்க வேண்டும். ஆனால் பணம் வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இரண்டாவது ஆள் வேண்டுமே. அந்த ஆள் நெருக்கடியில் அவசரமாகச் சேர்த்த ஆளாகவும் இருக்கக் கூடாது. டெபியனில் புதிதாக வருபவரின் வேலையை முதலில் பழைய உறுப்பினர் ஒருவர் சரிபார்த்துத்தான் ஏற்றுவாராம். முழு உறுப்பினராக வேண்டுமென்றால் வருடக்கணக்கில்கூட ஆகுமாம்.

விலகுவதற்கும் அங்கே முறை இருக்கிறது. பராமரிக்க ஆளில்லாத பேக்கேஜை 'அநாதை' என்று பட்டியலில் போடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே 'தத்தெடுக்க ஆள் வேண்டும்' என்றும் அறிவிக்கலாம். 'உதவி வேண்டும்' என்றும் கேட்கலாம். இதைக் கேட்டபோது, எனக்கு இது முன்னமே தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

அவனிடம் சொன்னேன்: "விடுறதுல தப்பே இல்லப்பா. குடும்பம் முதல்ல. ஆனா சாவியை மேசை மேல வெச்சுட்டு வராதே. ஊரறியச் சொல்லிட்டு, ஒருத்தருக்குச் சொல்லிக்கொடுத்துட்டு வா." அன்று ராத்திரியே அறிவிப்பைப் போட்டுவிட்டான். நேற்று போனில் கேட்டேன். இன்னும் யாரும் வரவில்லை.

ஐ.டி.யில் இருக்கும் என் பிள்ளைகளே, நீங்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருள் ஒன்றின் பராமரிப்பாளர் யாரென்று தேடிப் பாருங்கள். குறையைக் கண்டால் திட்டாமல், எப்போது, எப்படி வந்தது என்று தெளிவாக எழுதுங்கள். முடிந்தவர்கள் வாரம் இரண்டு மணி நேரம் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். நிரல் தெரியாதவர்கள் மொழிபெயர்க்கலாம். டெபியனைத் தமிழிலேயே நிறுவ முடிவதும் யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்ததால்தான்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று. இப்படி உழைக்கும் பிள்ளையிடம் "இதனால உனக்கு என்ன லாபம்?" என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். அவன் முகம் வாடியதைப் பார்த்தேன்.

தத்தெடுக்க நினைப்பவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அவன் எண்ணைக் கேட்டு வாங்கித் தருகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்