ஊர்ப்பெயரும் நாவின் கடமையும்

ஒருவரை மதிக்கின்றோம் என்பதற்கு முதல் அடையாளம், அவர் பெயரைப் பிழையின்றிச் சொல்லுதல். இது மனிதர்க்கு மட்டுமன்றி ஊர்க்கும் பொருந்தும். பட்டுத் தறியின் ஒலியும் கோயில் மணியின் ஒலியும் கலந்து கேட்கும் இக்காஞ்சி மாநகரின் பெயரையே எத்தனை விதமாக உலகம் ஒலிக்கின்றது! அவற்றுள் எது பிழை, எது இயல்பு, எதைத் திருத்த வேண்டும், எதைப் பொறுக்க வேண்டும் என்பன குறித்துத் தமிழ் பயிலும் மாணவர்கள் சிந்தித்தல் நலம் எனக் கருதுகின்றோம்.

காஞ்சிக்குப் பெயர்கள் பல. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை இவ்வூரைக் கச்சி என்கின்றது. கல்வெட்டுகள் கச்சிப்பேடு என்கின்றன. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சிபுரம் என்பதைத் தம் மொழி எழுத்துகளில் பொறித்தார். அவ்வெழுத்துகளை இன்றைய சீனர் படித்தால் 'ஜியன்ஜிபுலோ' என்பது போல ஒலிக்கும். பின்னர் வந்த ஆங்கிலேயர் 'கான்ஜீவரம்' என்றனர். வட இந்தியப் பட்டுக் கடைகளில் இன்றும் அப்பெயரே வழங்குகின்றது. நெசவாளர் வாழ்வைச் சொல்லி, 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த படத்துக்குரிய தேசிய விருதைப் பெற்ற தமிழ்த் திரைப்படத்தின் பெயரும் 'காஞ்சிவரம்' என்பதேயாம்.

ஆங்கிலேயர் நம் ஊர்ப்பெயர்களைச் சிதைத்தனர் என்பது நாம் அடிக்கடி கேட்கும் குறை. அதில் உண்மை உண்டு. திருவல்லிக்கேணி 'டிரிப்ளிகேன்' ஆயிற்று. எழும்பூர் 'எக்மோர்' ஆயிற்று. தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆயிற்று. ஆயினும் காஞ்சியைப் பொறுத்தவரை ஒரு வியப்பு உண்டு. தமிழில் ஞகர மெய்யை அடுத்து வரும் சகரம் மென்மையாக ஒலிக்கும். மஞ்சள், பஞ்சு, நெஞ்சு ஆகிய சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். காஞ்சி என்பதிலும் அம்மெல்லொலியே உண்டு. ஆங்கிலேயர் அவ்வொலியைக் காதால் கேட்டு, 'ஜே' என்னும் எழுத்தை இட்டனர். இன்று நாம் 'சி', 'எச்' என்னும் ஈரெழுத்துகளை இடுகின்றோம். அதைப் பார்த்துப் படிக்கும் வெளியூரார் 'காஞ்ச்சி' என வல்லோசையாக ஒலிக்கின்றனர். ஊரின் பின்பாதியைச் சிதைத்த ஆங்கிலேயர், முன்பாதியை நம்மினும் நன்கு கேட்டிருந்தனர் என்பதை மறுக்க இயலாது. எழுத்து வேறு, ஒலி வேறு என்னும் பாடம் இதனுள் இருக்கின்றது.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. காஞ்சியில் ஆண்டர்சன் பெயரால் ஒரு பள்ளி விளங்குகின்றது. அப்பெயருக்குரிய ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்து நாட்டினர். 1837இல் சென்னையில் கல்விப்பணி தொடங்கியவர். அவர் நாட்டுத் தலைநகரை நாம் 'எடின்பர்க்' என்று எழுதிப் படிக்கின்றோம்; அந்நாட்டாரோ 'எடின்பரா' என்பது போல ஒலிக்கின்றனர். ஏரியைக் குறிக்கும் அவர்தம் சொல்லின் இறுதியில் தொண்டையிலிருந்து உரசி எழும் ஓர் ஒலி உண்டு. ஆங்கிலேயர் பலர்க்கு அது வாராமையால் 'லாக்' என்று முடித்துவிடுகின்றனர். 'காலித்' என்னும் பெயரின் முதலெழுத்தாகிய அரபு எழுத்தைச் செம்மையாக ஒலிக்கப் பழகிய நம் மாணவர்க்கு அவ்வொலி எளிதில் வரும்! அந்நாட்டில் 'மென்சிஸ்' என எழுதப்படும் குடும்பப் பெயரைப் பழைய முறையில் 'மிங்கிஸ்' என்றே ஒலிப்பர். அவர்களிடம் முன்பு வழங்கிய பழைய எழுத்தொன்று அச்சுக்கோப்போரிடம் இல்லாமையால், உருவில் ஒத்த 'இசட்' எழுத்தை அவ்விடத்தில் இட்டனர். எழுத்து மாறியது, ஊரார் நாவில் ஒலி மாறவில்லை. இதை நாம் நெஞ்சிற் கொள்ளல் வேண்டும்.

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்புக்கென்றே ஓர் இயல் வகுத்தார். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்று அவர் காட்டிய நெறி இன்றும் பிழையாததாகும். குர்ஆன் ஓதப் பழகும் சிறுவர்க்கு ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் இடமாகிய 'மக்ரஜ்' கற்பிக்கப்படுவதும் இத்தகைய பயிற்சியே. அரபுத்தமிழ் எழுதிய நம் பெரியோர், அரபியில் இல்லாத ழகரம் முதலிய தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் குறிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். அயல் எழுத்தில் எழுதினும் தமிழ் ஒலியை இழக்க அவர்கள் உடன்படவில்லை. மறுபுறம், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அரபுப் பெயர்களைத் தமிழின் இயல்புக்கேற்ப உதுமான், கதீசா என அமைத்தார். அஃது அறியாமையால் நேர்ந்த பிழையன்று. அறிந்து செய்த தமிழாக்கம்.

ஆகவே இரண்டை வேறு பிரித்து உணர்தல் வேண்டும். ஊரார் தம் வாயால் சுருக்கியும் நெகிழ்த்தும் வழங்குவது மரூஉ. இலக்கணம் அதனை ஏற்கின்றது. தஞ்சை, கோவை, பூவிருந்தவல்லி தேய்ந்த பூந்தமல்லி ஆகியன அவ்வாறு வந்தவை. பிறமொழியாளர் தம் நாவுக்கேற்ப ஒலிப்பதும் இயற்கையே; அதற்காகச் சினங்கொள்ளல் வேண்டா. வருந்தத்தக்கது வேறொன்று. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்து, அவ்வெழுத்து காட்டும் பிழையொலியைத் தமிழரே கற்றுக்கொள்வது! சோழிங்கநல்லூர் என்பது சோழர் பெயரைத் தாங்கிய ஊர் என்பதை மறந்து, 'ஷோலிங்கநல்லூர்' என்று தமிழ் மாணவரே சொல்லுகின்ற நிலை அத்தகையது. வட்டாரப் பேச்சில் ழகரம் ஓரிடத்தில் யகரமாகவும் வேறோரிடத்தில் ளகரமாகவும் மாறுதல் மொழியின் போக்கு என்று அமையலாம். ஆனால் மேடையிலும் வகுப்பறையிலும் 'தமிள்' என்று ஒலிப்பதற்கு அக்காரணம் பொருந்தாது.

இதற்கு மருந்து யாது? 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. நோக்கம் நன்று. ஆனால் வேலூருக்கும் கோயம்புத்தூருக்கும் அமைந்த புதிய எழுத்துகள் கண்டனத்துக்கும் நகைப்புக்கும் இடமாயின. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. 26 எழுத்துகளே உடைய ஆங்கில நெடுங்கணக்கு தமிழின் குறிலும் நெடிலும், லகர ளகர ழகரமும் ஆகிய அனைத்தையும் தாங்காது. மதராஸ் 1996இல் சென்னையானது போலப் பெயரையே மீட்பது வேறு. பெயர் சரியாக இருக்க, அயல் எழுத்தைத் திருத்தித் தமிழொலியைக் காக்க முயல்வது, பாவைச் சீர்செய்யாமல் சேலையின் மடிப்பைச் சீர்செய்வது போன்றதாகும்.

ஒலி வாழுமிடம் நா. அதனைப் பயிற்றுமிடம் வீடும் பள்ளியும். எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். ஆசிரியப் பெருமக்கள் ஆண்டின் முதல் வகுப்பில் ஒவ்வொரு மாணவரிடமும் அவர் பெயரையும் ஊரையும் வாய்விட்டுச் சொல்லக் கேட்டு, அவ்வண்ணமே அழைத்தல் வேண்டும். மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊரின் பெயரையும், தெரு, ஏரி, வயல்களின் பெயர்களையும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டுத் தமிழில் எழுதி வருதல் வேண்டும். தமிழ்த்துறை அவற்றைத் தொகுத்துக் காத்தல் வேண்டும். சமுதாயப் பெரியோர், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வடிவாக முடிவுசெய்து எழுதச் செய்தல் வேண்டும். முகம்மது என்னும் ஒரு திருப்பெயரே சான்றிதழுக்கொரு வடிவாக எழுதப்பட்டு, பின்னாளில் கடவுச்சீட்டுக்கும் வேலைக்கும் தடையாகி நிற்கும் துன்பத்தை நம்மில் அறியாதார் யார்?

பிறர் நம் ஊரை எவ்வாறு ஒலிப்பினும், ஊரார் செம்மையாக ஒலிக்குமளவும் அப்பெயர் அழியாது. ஊரார் நாவே பிறழுமாயின், எந்த ஆணையும் அதனை மீட்டுத் தாராது. நெய்தவர் கை அறிந்த கோர்வையைப் போல, நம் பெயர்களின் ஒலியும் மூத்தோரிடமிருந்து இளையோரிடம் நேரே சென்று சேர்தல் வேண்டும். அக்கடமையை இக்கல்லூரி மாணவச் செல்வங்கள் ஏற்பார்களாக!