பழைய ஜீப்புக்கு ஹைவே கியர் மாட்டப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க!

ரீல்ஸைத் திறந்தாலே பழைய ஜீப்கள்தான். துருப்பிடித்த பாடி, அடுத்த நொடியில் பளபள ஆலிவ் பச்சை, பின்னணியில் மாஸ் பி.ஜி.எம். ஆனால், பெயின்ட் காய்ந்த பிறகு வரும் கேள்வியை எந்த ரீலும் காட்டுவதில்லை: ''ப்ரோ, இது ஏன் 60-க்கு மேல போனா இப்படிக் கத்துது?''

மெக்கானிக்குகளிடம் இதற்கு ரெடிமேட் பதில் ஒன்று உண்டு: ''கிரவுன் பினியனை மாத்திடலாம் தம்பி, ஹைவேல பறக்கும்.'' தலையாட்டும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்க. மாறப்போவது வேகம் மட்டும் இல்லை, வண்டியின் குணமே!

5.38 என்றால் என்ன?

1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே அசெம்பிள் செய்யத் தொடங்கியது மஹிந்திரா. அந்த வரிசையில் வந்த சி.ஜே-3பி ஜீப்பின் ஆக்ஸில் விகிதம் 5.38. கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல். அதாவது, சக்கரம் ஒருமுறை சுற்ற, புரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.38 முறை சுற்ற வேண்டும். சேற்றிலும் மேட்டிலும் சின்ன இன்ஜின் பெரிய பாரத்தை இழுக்க வேண்டும் என்பதற்காகவே இந்த விகிதம்.

இப்போது கணக்கு. சுமார் 28 அங்குல டயரில், டாப் கியரில் 80 கி.மீ வேகத்தில் போனால் இன்ஜின் ஏறக்குறைய 3,200 ஆர்.பி.எம்-மில் சுற்றும். விகிதத்தை 4.27 ஆக மாற்றினால் அதே வேகத்துக்கு 2,550 போதும். சத்தம் குறையும், இன்ஜினும் மூச்சு வாங்காது. கேட்க சூப்பர்தான்!

ஆனால் இது இலவசமில்லை. ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை சுமார் 21 சதவிகிதம் குறைந்துவிடும். லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு 1,000 ஆர்.பி.எம்-மில் ஊர்ந்தால், பழைய விகிதத்தில் மணிக்கு 3.6 கி.மீ. புதியதில் 4.5 கி.மீ. பாறை மேல் ஏறும்போதும், கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜின் பிரேக்கை நம்பி இறங்கும்போதும் இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒன்று, ''முன் ஆக்ஸிலையும் மாத்துறீங்களா?'' ஃபோர் வீல் டிரைவில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தே ஆக வேண்டும். பின்னால் 4.27, முன்னால் 5.38 என்று விட்டுவிட்டு 4x4 போட்டால் இரண்டு ஆக்ஸில்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஏதாவது ஒன்று உடையும்வரை!

இரண்டு, ''ஸ்பீடோமீட்டர்?'' இந்த ஜீப்பில் ஸ்பீடோ கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. ஆக்ஸிலை மட்டும் மாற்றினால், நீங்கள் நிஜமாக 80-ல் போகும்போது முள் 63-ஐத்தான் காட்டும். பழைய டிரம் பிரேக், நெளியும் ஸ்டீயரிங், பொய் சொல்லும் முள். இந்தக் கூட்டணி ஆபத்தானது பாஸ்.

மூன்று, ''பிரேக்?'' இன்ஜின் அமைதியானால் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். வேகம் ஏறும், ஆனால் பிரேக் அதே பழைய பிரேக்தான். கியரைத் தொடும் முன் பிரேக்கைத் தேற்றுவதுதான் சரியான வரிசை.

இன்னொரு விஷயம்: கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒரு பழைய வண்டியிலிருந்து கிரவுன், இன்னொன்றிலிருந்து பினியன் என்று சேர்த்தால் ஊளைச் சத்தம் நிச்சயம். ஷிம் வைத்து, பேக்லாஷ் அளந்து, பல்லில் மை தடவிப் பதிவு பார்ப்பவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, 50 வயது தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். 'வி.ஏ' சீரிஸ் நம்பர், 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லுபடி. நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜினில் மாற்றம் கூடாது. அதைவிட முக்கியம், அதைத் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரியான தேவைகளுக்கு மட்டும்தான் அனுமதி. ஹைவேயில் தினமும் ஓட்டவே முடியாத வண்டிக்கு ஹைவே கியர் எதற்கு?

சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொள்கிறீர்களா? 2025 ஆகஸ்ட்டில் வந்த அறிவிப்பின்படி, 20 ஆண்டு தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 10,000 ரூபாய். இவ்வளவு கட்டிவிட்டு ஷெட்டில் நிறுத்த யாருக்கும் மனசு வராது. ஓட்டத்தான் தோன்றும். ஆனால், தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிரவுன் பினியன் விகிதம் ஆர்.சி-யில் வராது, இன்ஜினும் எரிபொருளும் வரும். அதனால், கியரோடு சேர்த்து டீசல் இன்ஜினும் மாட்டும் ஐடியா இருந்தால், வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ ஆபீஸில் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்குங்கள்.

அப்போ என்னதான் செய்வது?

நீங்கள் அண்ணனூரில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஆவடி டேங்க் ஃபேக்டரி, இன்னொரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், ஊருக்குள்ளேயே மின்சார ரயில் பணிமனை. கியர் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே கிடையாது. வண்டி ஓடப்போவதோ பெரும்பாலும் சி.டி.எச் ரோடு டிராஃபிக்கில். அங்கே 80 தொடுவதே அதிசயம். நின்று நின்று நகர 5.38 தான் சுகம். ஞாயிற்றுக்கிழமை அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு ரவுண்டு என்றால், 60-ல் போங்கள். ஜீப்பில் காற்று வாங்க அதுவே போதும்.

நீண்ட பயணம் அடிக்கடி உண்டா? ஓவர்டிரைவ் யூனிட் ஒன்றைத் தேடுங்கள். தேவைப்படும்போது மட்டும் ஆர்.பி.எம்-மைக் குறைக்கும், மலைக்குப் போனால் அணைத்துவிடலாம், அசல் ஆக்ஸில் அப்படியே இருக்கும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் 4.88 ஒரு நடுவழி. இழுவிசையில் இழப்பு 10 சதவிகிதத்துக்குள் முடிந்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், கழற்றிய பழைய கிரவுன் பினியனைக் காயலான் கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, பரணில் வையுங்கள். நாளைக்கு 'வி.ஏ' நம்பர் வாங்க நினைத்தாலோ, வண்டியை விற்க நினைத்தாலோ, அந்த இரும்புத் துண்டுகளுக்குத்தான் மவுசு!